செருப்பு கழற்றும் இடம்

நான் படித்த படிப்பின் பெயரைச் சொன்னால் கொடைக்கானல் மலைமேல் இருக்கும் எங்கள் பூண்டியில் ஒருத்தருக்கும் புரியாது. உடற்பயிற்சி அறிவியலும் விளையாட்டு வணிகமும் சேர்ந்த இரட்டைப் பட்டம். லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதெல்லாம் கேட்பார்கள், "பி.டி. டீச்சருக்குத்தான படிக்கிற?" நானும் விளக்கிப் பார்த்தேன். இதயத்துடிப்பு, தசை, மூச்சு என்று ஆரம்பித்தால், "அப்ப நர்சுக்கா?" போட்டி நடத்துவது, ஸ்பான்சர் பிடிப்பது என்று சொன்னால், "அதுக்கும் காலேசு இருக்காக்கும்? நம்ம கபடிப் பயலுக நடத்தலையா?" கடைசியில் அலுத்துப்போய், ஆமாம், பி.டி. டீச்சர்தான் என்று சொல்லிவிட்டேன். அப்பாவும் பூண்டு மூட்டை ஏற்றும் லாரிக்காரர்களிடம்கூட அதையே சொல்லி வைத்திருந்தார்.

படிப்பு கோயம்புத்தூரில். காலையில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு சோதனைக்கூடம். மதியத்துக்கு மேல் ஏசி வகுப்பில் வணிகம். காலையில் பாதம் என்றால் இருபத்தாறு எலும்பு, வளைவு, தசைநார். மதியம் அதே பாதம் என்றால் வாடிக்கையாளர். முதல் இரண்டு வருடம் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரே கட்டணத்தில் இரண்டு பட்டம் என்று வீட்டில் பெருமையாகக்கூடச் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், ஒன்றில் கால் இடறினால் இரண்டும் கிடைக்காது என்பது கடைசி வருடம்தான் உறைத்தது.

கடைசி வருடத்தில் ஒரு புராஜெக்ட். குழுவாகச் சேர்ந்து உண்மையான ஓட்டப்பந்தயம் ஒன்றை நடத்த வேண்டும். ஓடுகிறவர்களின் உடம்பை அளந்து அறிவியல் பாதிக்கு அறிக்கை. ஸ்பான்சர், விளம்பரம், கூட்டம் எல்லாம் காட்டி வணிகப் பாதிக்கு அறிக்கை. வணிகப் பாடம் எடுத்த சார்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். யாரோ மலையேறிகள் போட்ட வீடியோவைத் திரையில் ஓட்டினார். மலையடிவாரக் கும்பக்கரையில் தொடங்கி, வெள்ளகவி வழியாக, வட்டக்கானலுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை. எனக்கு அது வீடியோ இல்லை. அந்த வெள்ளகவியில்தான் என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருக்கிறது.

"உங்க அக்கா அங்கதானுங்களே இருக்காங்க? ஊர்ல நீங்களே பேசி முடிச்சிருங்க" என்றார் சார். சார் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். மாணவர்களின் பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார். ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். சிரித்துக்கொண்டே எதை வேண்டுமானாலும் கேட்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

வெள்ளகவிக்கு ரோடு கிடையாது. அரிசி மூட்டையானாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரானாலும் கோவேறு கழுதையிலோ ஆள் தோளிலோதான். இன்னொன்றும் உண்டு. ஊருக்குள் செருப்பு போடக்கூடாது. வீட்டுக்கு வீடு சாமி இருக்கிற ஊர் அது. கோயிலுக்கும் தெருவுக்கும் நடுவில் கோடு எதுவும் கிடையாது, ஊரே கோயில் என்று கணக்கு. கீழிருந்து வந்தாலும் மேலிருந்து வந்தாலும் எல்லையில் ஒரு மரம். அதன் அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர், ஊசி போட வரும் நர்சம்மா, கூடாரம் தூக்கி வரும் வெளிநாட்டுக்காரர், எல்லோருக்கும் அதே மரம்தான். அக்கா கல்யாணமாகிப் போன முதல் வாரம் காலில் முள் ஏறி நொண்டினாள். அதன்பிறகு முள் ஏறியதாக அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்காவும் என்னைப்போலக் கோபக்காரிதான். என் கோபம் வாயில் இருக்கும், அவள் கோபம் கையில் இருக்கும். நான் கத்துகிற நேரத்தில் அவள் ஒரு வேலையை முடித்துவிடுவாள்.

ஊர்க் கூட்டத்தில் அவள்தான் எனக்காகப் பேசினாள். கோயில் முன்னால் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓடட்டும், தண்ணீர்கூடத் தருகிறோம், ஆனால் எல்லையில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றார்கள். "ஓடி வர்றவுகளுக்கு இது தெரியுமா? வேகத்துல வந்து அப்படியே மிதிச்சுட்டுப் போயிட்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"என் தங்கச்சி நிக்கிறா, நானும் நிக்கிறேன். ஒருத்தரும் செருப்போட உள்ள வர மாட்டாக. வந்தா என்னையக் கேளுங்க" என்றாள் அக்கா.

அப்புறம் என்னைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னாள். "ஏடி, ஒனக்கு இது பரீச்ச. எழுதிட்டுப் போயிருவ. நான் இந்த ஊர்லதான் கெடக்கணும். ஒருத்தன் ஷூவோட உள்ள வந்தாலும் நாளைக்குத் தண்ணிக் குழாய்க்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் என் மூஞ்சியத்தான் பாப்பாக. புரியுதா?" புரிந்தது. புரிந்துகொண்டுதான் வாக்குக் கொடுத்தேன்.

கோயம்புத்தூர் திரும்பினால், ஸ்பான்சர் கிடைத்துவிட்டது என்று வகுப்பே கேக் வெட்டிக்கொண்டிருந்தது. ஷூ கம்பெனி.

நான் விஷயத்தைச் சொன்னேன்.  வகுப்பில் ஆளுக்கு ஆள் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். சோதனைக்கூடத்தில் செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டுகிறோமே, அதைக் கொடுத்துவிடலாம் என்றான் ஒருத்தன். மழை பெய்த கல்லில் பிளாஸ்டிக் உறையோடு ஓடினால் மண்டை உடையும் என்று காலை வகுப்பில் படித்ததை மதியம் மறந்துவிட்டான். ஊரைச் சுற்றிப் போகலாம் என்றாள் ஒருத்தி. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், எதைச் சுற்றுவது? சார் கடைசியில் பேசினார். "சாமி விஷயம், மதிக்கணும். ஷூ தரையில படக்கூடாது, அவ்வளவுதானுங்களே? ஊர் நெடுக்க ஒரு கார்ப்பெட் விரிச்சுட்டா? கம்பெனி லோகோவும் போட்டுக்கலாம்."

அவர் கேலி செய்யவில்லை. நிஜமாகவே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார். வகுப்பும் கை தட்டியது. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "சார், உங்க வீட்டுப் பூஜை ரூமுக்குள்ள நான் ஷூவோட வர்றேன், கீழ ஒரு பாய் போட்டுருங்க" என்றேன். சார் சிரித்தார். "எமோஷனல் ஆகாதீங்கம்மா. சொல்யூஷன் பேசலாம்."

நான் விடவில்லை. கார்ப்பெட் போட்டால் ஊரில் அனுமதி இல்லை, அனுமதி இல்லை என்றால் பந்தயமே இல்லை என்று நின்றேன். கடைசியில் சரி, எல்லையில் கழற்றிக்கொள்ளட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டார்கள் என்று நான் நினைத்தேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் கும்பக்கரையில் ஓட்டக்காரர்களுக்குப் பை கொடுத்தார்கள். பையில் கம்பெனியின் புது ஷூ. அதன் லேஸில் நேரம் கணக்கிடும் சிப் கட்டியிருந்தது. நெஞ்சில் குத்தும் எண் அட்டையில் ஒட்டுவதாகத்தான் பேச்சு. கேட்டால், ஷூவில் இருந்தால்தான் எல்லோரும் எங்கள் ஷூவைப் போடுவார்கள் என்று கம்பெனிக்காரர் சொன்னார். "ஊருக்குள்ள போறப்ப கழட்டினா டைமிங் போயிரும், அதனால யாரும் கழட்ட மாட்டாங்க, விடுங்க" என்று சிரித்தார். சார் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியென்றால் முதலிலிருந்தே அவர்கள் கணக்கு அதுதான். எல்லையில் ஒரு பலகை வைப்பார்கள், தயவுசெய்து கழற்றவும் என்று. யாரும் கழற்ற மாட்டார்கள். நாங்கள் சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை என்று கையைத் துடைத்துக்கொள்வார்கள். ஊர் என் அக்காவைக் கேட்கும்.

மறுநாள் இருட்டோடு மலையேறி வெள்ளனே கீழ் எல்லை மரத்தடிக்குப் போனேன். அக்கா ஒரு குடம் தண்ணீரும், எலுமிச்சை பிழிந்த தண்ணீர் ஒரு தூக்குவாளியும் வைத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே நின்றாள். சிப் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "அந்தச் சிப்பு ஷூவுல இருந்தா என்ன? ஷூவைக் கையில எடுத்துட்டு ஓடச் சொல்லு. கூடவே வருதுல்ல" என்றாள். இரவெல்லாம் தூங்காமல் நான் புரண்டதற்கு அவ்வளவுதான் பதில்.

முதலில் வந்தவன் ஊட்டிப் பக்கத்துப் பையன். சொன்னதும் கழற்றிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, அக்காவைக் கும்பிட்டுவிட்டு ஓடினான். அவனைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா சாமிக்கு விபூதி எங்கே என்று கேட்டார். உண்மையைச் சொன்னால் ஓடி வந்தவர்களுக்கு அதில் எந்தக் கஷ்டமும் இல்லை. ஒரே ஒரு ஆள் மட்டும், பெங்களூரிலிருந்து வந்தவர், "டைம் வேஸ்ட்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். நான் குறுக்கே நின்று கையை விரித்தேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அக்கா கீழே குனிந்து அவர் லேஸை உருவிவிட்டாள். இரண்டு லேஸும் அவள் கையில். "இந்தாங்க, போயிட்டு வாங்க" என்று நீட்டினாள். ஷூ தளர்ந்துபோன ஆள் வேறு வழியில்லாமல் கழற்றிக்கொண்டு போனார். அத்தனை பேரும் ஷூவைக் கையில் பிடித்து, வெறுங்காலோடு, வீட்டு வாசல்கள் வழியாக நடந்து ஊரைத் தாண்டினார்கள். ஒருத்தர் ஷூவும் ஊர் மண்ணில் படவில்லை.

கம்பெனியின் போட்டோகிராபரும் வெறுங்காலோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். கடைசி ஆள் போனதும் அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் படி முன்னால் நின்று சிரித்தாள். அதை அவர் எடுத்ததை இரண்டு பேருமே பார்த்தோம். அவள் வாக்கைக் காப்பாற்றிய சந்தோஷத்தில் இருந்தாள்.

வட்டக்கானலில் பந்தயம் முடிந்த இடத்தில் கம்பெனிக்காரர் தரையில் கால் உதைக்காத குறை. புது ஷூ அத்தனையும் கையில் தொங்குகிறது, ஒரு படத்தில்கூடக் காலில் இல்லை என்று சாரிடம் பொரிந்தார். வாரம் திரும்பியதும் சார் என்னைக் கூப்பிட்டார். "ஸ்பான்சரோட நோக்கத்துக்கு எதிரா நடந்திருக்கீங்க. சயின்ஸ் பார்ட் அருமைங்க. பிசினஸ் பார்ட்ல பாஸ் போட முடியாதும்மா." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

சரி, போகட்டும் என்றிருந்தேன். அடுத்த வருடம் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் கொஞ்ச நாளில் அதே சார் திரும்பவும் கூப்பிட்டார். வெறுங்காலோடு ஷூவைக் கையில் பிடித்து ஓடும் படங்கள் இணையத்தில் பரவிவிட்டனவாம். எல்லோரும் புகழ்கிறார்களாம். மண்ணை மதிக்கும் கம்பெனி என்று பெயர் வந்துவிட்டதாம். "உங்க புராஜெக்ட்தான் இந்த வருஷம் முதல் மார்க். ஒரே ஒரு சின்ன வேலை பாக்கி. உங்க அக்கா போட்டோவை விளம்பரத்துக்கு எடுத்திருக்காங்க. சம்மதம்னு அவங்க சொல்ற மாதிரி போன்ல ஒரு வீடியோ. வெரசா வாங்கிட்டு வந்திருங்க." 'வெரசா' என்ற எங்கள் ஊர்ச் சொல்லைக்கூட என்னிடமிருந்து பிடித்து வைத்திருந்தார்.

ஒரே காரியம்தான். அதற்குத்தான் பெயில் போட்டார்கள், அதற்குத்தான் முதல் மார்க். நான் செய்தது சரியா தப்பா என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. கடுப்பாக இருந்தது. இருந்தாலும் பஸ் ஏறினேன். அக்காவின் நல்ல படம், அவள் சம்மதித்தால் எனக்குப் பட்டம், இதில் என்ன கெட்டுப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

பழனியிலிருந்து ஏறும் பஸ் பெருமாள்மலையில் டீக்கு நின்றது. டீக்கடை முகப்பை மறைத்து ஒரு ஃபிளெக்ஸ். என் அக்கா. இடுப்பில் குடம், பின்னால் கோயில் படி, அதே சிரிப்பு. காலில் ஷூ.

முதலில் எனக்கு மண்டையில் ஏறவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒட்டியிருந்தார்கள். ஆரஞ்சு நிற ஷூ, லேஸ் கட்டி, சேலைக்குக் கீழே, கோயில் படிக்கு ஒரு அடி முன்னால். ஊரே கழற்றி வைக்கிற மண்ணில், அந்த ஊருக்கு வாக்குக் கொடுத்தவள் காலில். டீ கிளாஸைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று தெரியவில்லை.

சாருக்குப் போன் போட்டேன். "அது ஏஜென்சி பண்ணினதும்மா. ப்ராடக்ட் தெரியணுமில்ல? ஒரு காட்சிக்குத்தான், நிஜமாவா போட்டாங்க?" என்றார். நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டென்ஷன் குறைஞ்சதும் அந்த வீடியோவ வாங்கிருங்க" என்றார்.

அக்காவுக்குப் போன் கிடைத்தபோது அவளுக்குத் தெரிந்திருந்தது. பட்டர் ஃப்ரூட் விற்கப் பெருமாள்மலை வந்த ஒருத்தர் பார்த்துவிட்டு ஊரில் போய்ச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் பேசிய அந்தப் பெரியவர் வீட்டுக்கே வந்து கேட்டிருக்கிறார், "ஏத்தா, நீ எப்ப ஷூ போட்டுக் கோயில் முன்னால நின்ன?" அன்றைக்கு யாரையும் விடாமல் கழற்றவைத்தவளைப் பார்த்து.

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல. நாளைக்கு வெள்ளனே வாறேன், நீ அங்க நில்லு."

மறுநாள் வந்தாள். இடுப்பில் அரிவாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. டீக்கடைக்காரர் அவளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "கிழிச்சுறாத ஆத்தா, அழகாத்தான இருக்க" என்று சிரித்தார். "கிழிப்பேனாண்ணே? காப்பிக்கொட்ட காயப்போட ஆகும்" என்று ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறினாள். கயிற்று முடிச்சை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்தாள். சுருட்டித் தலையில் வைத்தாள். கொடைக்கானலுக்குப் பஸ், வட்டக்கானலுக்கு ஜீப், அங்கிருந்து இறக்கம். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். கம்பெனியை, சாரை, கை தட்டிய வகுப்பை. அவள் சுருள் சரியாமல் பிடித்துக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

மேல் எல்லை மரத்தடியில் அவள் செருப்பைக் கழற்றினாள். நான் ஷூவைக் கழற்றினேன். உள்ளே கால் வைக்கப்போனவள் நின்றுவிட்டாள்.

"இத எப்பிடி உள்ள கொண்டுபோறது?"

"படந்தானக்கா."

"படம்னாலும் என் கால்ல கெடக்குல்ல."

சுருளை இறக்கி மரத்தடியில் விரித்தாள். படத்தின் கால்பக்கம் மண்டியிட்டு, சேலைக் கரையை ஒட்டி அரிவாளால் நேராக அறுத்தாள். ஷூ இருந்த துண்டு தனியாக வந்தது. அதை மற்ற செருப்புகளின் வரிசையில் வைத்து, காற்றில் போகாமல் ஒரு கல்லை ஏற்றினாள். மீதியைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தாள்.

வீட்டு முன்னால் விரித்துக் காப்பிக்கொட்டையைக் கொட்டும்போது பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஏடி, உன் காலு எங்க?"

"எல்லையில கழட்டி வச்சிட்டு வந்திருக்கேன்."

அந்தப் பெரியவர் அவ்வழியாகப் போனார். நின்று பார்த்தார். வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். காப்பி வேண்டும் என்று உட்கார்ந்தார். அக்கா உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது என்னிடம், "வீடியோ வேணும்னாருல்ல உங்க சாரு? எடு" என்றாள். கொட்டைகளுக்கு நடுவில் தெரிந்த தன் முகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் பேசினாள். "இது நாந்தான். அந்தக் காலு என்னுது இல்ல. எனக்குச் சம்மதம் இல்ல. அம்புட்டுத்தான், சோலியப் பாருங்க." வட்டக்கானல் ஏறி நெட் கிடைத்ததும் அனுப்பினேன். சார் பார்த்துவிட்டார்.  என் புராஜெக்ட் 'நிறைவு பெறவில்லை' என்று கிடக்கிறது. இரண்டு பட்டமும் அதோடு கிடக்கின்றன. அப்பா இன்னமும் பி.டி. டீச்சர் என்றுதான் சொல்கிறார்.

போன மாதம் வெள்ளகவி போனேன். மரத்தடியில் வந்தவர்களின் செருப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. போகும்போது அவரவர் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த ஆரஞ்சு ஜோடி மட்டும் கல்லுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. கம்பெனிக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளட்டும். எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது, ஷூவோடே வரலாம்.